கோமாரி கண்ட கொட்டகையிலிருந்து மாடுகளின் தடம் பிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு கொட்டகையில் கோமாரி எனும் கால், வாய் நோய் உறுதியானதும் புதிதாகப் பணிக்கு வந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இது எங்கிருந்து வந்தது?" என்பதுதான். மாட்டுக்காரரும் அதையேதான் கேட்பார். ஊரும் அதையேதான் பேசும். ஆனால் அந்த நேரத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "இங்கிருந்து எது, எங்கே போனது?" நோயைக் கொண்டுவந்த மாடு செய்ய வேண்டிய கேட்டைச் செய்து முடித்துவிட்டது. இங்கிருந்து வெளியே போன மாடு இன்று காலையிலும் வேறொரு கொட்டகையில் தண்ணீர்த் தொட்டியில் வாய் வைத்திருக்கும். இந்த வழிகாட்டியில் உள்ள படிகளின் வரிசை முழுவதும் இந்த ஒரு காரணத்தால் அமைந்தது.

கால்நடை உதவி மருத்துவர்கள், கால்நடை ஆய்வாளர்கள், அவர்களுக்கு உதவும் பால் சங்கச் செயலாளர்கள், ஊராட்சிப் பணியாளர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் கொங்குப் பகுதியிலிருந்து வருகின்றன. பொள்ளாச்சி, ஈரோடு, அந்தியூர் என்று சந்தைகள் நெருங்கிக் கிடக்கும் இடம் அது. அங்கே தடம் பிடிக்கக் கற்றவர் வேறெங்கும் பிடித்துவிடலாம்.

1. கிளம்புவதற்கு முன்

ஒரு கோடு போட்ட நோட்டு, பேனா, முழுதாகச் சார்ஜ் ஏறிய கைபேசி, வட்டார வரைபடம் ஆகியவை வேண்டும். இவற்றோடு பலரும் மறந்துவிடுவது தினசரி நாட்காட்டி. அமாவாசை, பௌர்ணமி, கிருத்திகை, முகூர்த்த நாள் எல்லாம் அச்சிட்ட நாட்காட்டியாக அது இருக்க வேண்டும். மாட்டுக்காரர் "பன்னிரண்டாம் தேதி விற்றேன்" என்று சொல்ல மாட்டார். "அமாவாசைக்கு முந்தின சந்தையில் விற்றேன்" என்பார். நாட்காட்டி கையில் இருந்தால் அந்த இடத்திலேயே அது தேதியாகிவிடும். அலுவலகத்துக்குத் திரும்பிக் கணக்குப் போட்டால் ஒரு வாரம் தவறிப்போக வாய்ப்புண்டு.

கொட்டகைக்குப் போகும் முன்பே அந்த ஊரில் காதுவில்லை மாட்டிய மாடுகளின் பட்டியலைப் பாரத் பசுதன் என்ற அரசின் கால்நடைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வட்டாரத்துச் சந்தைகள் எந்தக் கிழமையில் கூடுகின்றன என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கழுவக்கூடிய ரப்பர் காலணி, வாளி, தேய்க்கும் பிரஷ், சலவைச் சோடா ஆகியவை கட்டாயம். 100 லிட்டர் தண்ணீருக்கு 4 கிலோ சலவைச் சோடா என்ற கணக்கில் 4 சதவீதக் கரைசல் கோமாரிக் கிருமியை அழிக்கும். சாணத்தைத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் கரைசலில் காலை வைக்க வேண்டும். சாணம் ஒட்டிய காலணியை அப்படியே முக்கி எடுத்தால் கரைசல் அடியில் இருக்கும் கிருமியைத் தொடாது.

இருவராகப் போங்கள். ஒருவர் மாடுகளைப் பார்த்து வாய்களைத் திறந்து ஆராய வேண்டும். மற்றவர் கொட்டகைக்கு வெளியே உட்கார்ந்து பேச வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்தால் இரண்டும் அரைகுறையாகும். கையில் சாணமும் எச்சிலுமாக நின்றுகொண்டு நோட்டில் எழுத முடியாது.

2. பேசத் தொடங்கும் முன் நிறுத்த வேண்டியதை நிறுத்துங்கள்

மாடு, ஆடு, எருமை, பன்றி எதுவும் உள்ளே வரக் கூடாது, வெளியே போகக் கூடாது. எரு வண்டியும் வைக்கோல் வண்டியும் நிற்க வேண்டும். மேய்ச்சலுக்கு ஓட்டுவதும் பொதுத் தொட்டியில் தண்ணீர் காட்டுவதும் நிற்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் இதற்கான அதிகாரத்தைத் தருகிறது. ஆனால் கட்டுப்பாட்டுப் பகுதி என்ற அறிவிக்கை வரும்வரை காத்திருந்தால் அதற்குள் இரண்டு மாடுகள் கைமாறிவிடும். முதல் நாள் வாய்மொழியாகச் சொல்லி, மாட்டுக்காரரிடம் ஒப்புதல் பெற்று, ஊராட்சித் தலைவருக்கும் தகவல் கொடுத்துவிடுங்கள்.

இதை முதலில் செய்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. போக்குவரத்து நடந்துகொண்டே இருந்தால் நீங்கள் எழுதும் பட்டியல் மறுநாளே பழையதாகிவிடும். மாடுகள் நின்ற பிறகுதான் தடத்தை எண்ண முடியும்.

3. நோய்க்கு நாள் குறியுங்கள்

மொத்த வேலையும் இந்தப் படியின் மேல்தான் நிற்கிறது. நாள் தவறினால் பிறகு நீங்கள் தேடும் ஒவ்வொரு மாடும் தவறான மாடாகிவிடும்.

மாட்டுக்காரர் "நேற்றிலிருந்துதான் எச்சில் ஒழுகுகிறது" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணில் பட்டது நேற்று. ஆகவே எச்சில் ஒழுகும் மாட்டை மட்டும் பார்க்காமல் கொட்டகையில் உள்ள எல்லா மாடுகளின் வாயையும் திறந்து பாருங்கள். மிகப் பழைய புண் எந்த மாட்டில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதே நோக்கம்.

நாக்கிலும் பல் ஈறுகளிலும் உள்ள புண் ஓரளவு நேர்மையாக நாள் சொல்லும். கொப்புளம் உடையாமல் வெளுத்து உப்பி இருந்தால் தொடங்கி ஒன்று அல்லது இரண்டு நாள். உடைந்து, தோல் கிழிசல் தொங்க, விளிம்பு கூர்மையாகவும் நடுவே செக்கச்சிவந்தும் இருந்தால் ஒன்று முதல் மூன்று நாள். விளிம்பின் கூர்மை மங்கி, பள்ளத்தில் மஞ்சள் படலம் படிந்திருந்தால் மூன்று நாளுக்கு மேல். பள்ளம் நிரம்பி, புதுத் தோல் மூடி, நாக்கின் சொரசொரப்பு இல்லாமல் வழுவழுப்பான திட்டு மட்டும் தெரிந்தால் ஒரு வாரம் கடந்துவிட்டது. ஐந்து நாளுக்கு மேற்பட்ட புண்ணுக்கு ஒற்றை நாளைச் சொல்லாதீர்கள். "ஐந்து முதல் எட்டு நாள்" என்று வீச்சாகவே எழுதுங்கள்.

குளம்புப் புண்ணை வைத்து நாள் குறிப்பது பெரும்பாலும் தவறிப்போகும். சேறும் ஈயும் சேர்ந்து அதைச் சீழ்ப்புண்ணாக்கிவிடும். அதனால் புதிய புண்ணும் பழையதாகத் தெரியும்.

புண்ணுக்கு அடுத்த சாட்சி பால் சங்கத்தின் பதிவேடு. காலையும் மாலையும் ஒவ்வோர் உறுப்பினரும் எத்தனை லிட்டர் ஊற்றினார் என்று அதில் நாள்தோறும் பதிவாகிறது. கோமாரிக் காய்ச்சல் ஏறியதும் கறவை சரிந்துவிடும். புண் கண்ணில் படுவதற்கு முன்பே பதிவேட்டில் அது தெரியும். ஒன்பது லிட்டர் ஊற்றியவர் ஒரு மாலையில் ஐந்து லிட்டர் ஊற்றியிருந்தால் அந்தத் தேதியை வட்டமிடுங்கள். இதே பதிவேட்டை இன்னொன்றுக்கும் பயன்படுத்தலாம். திடீரென்று பால் கூடியிருந்தால் புதிய மாடு வந்திருக்கலாம், ஒரேயடியாகக் குறைந்து அப்படியே நின்றுவிட்டால் மாடு விற்கப்பட்டிருக்கலாம். வாய்விட்டுச் சொல்லப்படாத பல விற்பனைகளைப் பால் பதிவேடு காட்டிக் கொடுத்திருக்கிறது.

மூன்றாவதாக ஒரு கேள்வி: "சமீபத்தில் கன்று ஏதாவது இறந்ததா?" கோமாரிக் கிருமி இளங்கன்றின் இதயத் தசையைத் தாக்கும். வாயில் புண்ணே வராமல் பால் குடித்துக்கொண்டிருந்த கன்று திடீரென்று விழுந்து இறக்கும். மாட்டுக்காரர் அதைப் பாம்புக்கடி என்றோ கண்ணேறு என்றோ நினைத்திருப்பார். அந்த இறப்புதான் கொட்டகையில் நோயின் முதல் அடையாளமாக இருக்கக்கூடும்.

தடுப்பூசி போட்ட மாடுகளில் நோய் மெலிதாகவே தெரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் கோமாரித் தடுப்பூசி முகாமில் இந்தக் கொட்டகை எப்போது ஊசி போட்டுக்கொண்டது, எந்த மாடு விடுபட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஊசி போட்ட மாடு சும்மா நிற்பதைப் பார்த்து அதைப் பட்டியலிலிருந்து நீக்குவது அடிக்கடி நடக்கும் பிழை. ஊசி போட்ட மாடும் கிருமியைச் சுமக்க முடியும்.

4. நாட்களின் சட்டத்தை வரையுங்கள்

எந்த நாள் முதல் எந்த நாள் வரை தேட வேண்டும் என்ற எல்லையைத்தான் இங்கே சட்டம் என்கிறேன். கிருமி புகுந்து அறிகுறி தெரிய 2 முதல் 14 நாள் ஆகலாம். அறிகுறி தெரிவதற்குச் சில நாள் முன்பே மாடு கிருமியை வெளியேற்றத் தொடங்கிவிடும். பாலிலும் எச்சிலிலும் 4 நாள் முன்பு வரை வெளிவரலாம் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு.

இன்று 20ஆம் தேதி என்று கொள்வோம். மிகப் பழைய புண்ணுக்கு வயது ஐந்து நாள். அப்படியானால் அறிகுறி தொடங்கியது 15ஆம் தேதி. கிருமி உள்ளே வந்தது 1ஆம் தேதிக்கும் 13ஆம் தேதிக்கும் இடையில். அந்த நாட்களில் உள்ளே வந்தவை எல்லாம் வந்த தடம். 11ஆம் தேதியிலிருந்து இன்றுவரை வெளியே போனவை எல்லாம் போன தடத்தில் முதல் வரிசை. 1ஆம் தேதிக்கும் 10ஆம் தேதிக்கும் இடையில் வெளியே போனவை இரண்டாம் வரிசை. அவற்றையும் விடக் கூடாது. அறிகுறி காட்டாத ஓர் ஆடோ, ஊசி போட்ட ஒரு மாடோ நாம் கண்ட மாட்டுக்கு முன்பே கிருமியைச் சுமந்திருக்கலாம்.

புண்ணின் வயதை வீச்சாக எழுதியிருந்தால் சட்டமும் அதற்கேற்ப விரிய வேண்டும். சட்டத்தைச் சுருக்கினால் வேலை குறையும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். முதல் நாள் விரிவாக வரைந்து, ஆய்வக முடிவும் பால் கணக்கும் வந்தபின் சுருக்குவதே முறை. முதல் நாள் குறுக்கி வரைந்தால் பிறகு விரிக்கும்போது ஒரு வாரம் போயிருக்கும்.

நாட்காட்டியில் இந்தச் சட்டத்தை வண்ணப் பேனாவால் வரைந்து மாட்டுக்காரர் முன் வையுங்கள். அடுத்த படியில் அது உதவும்.

5. போன தடத்தை எழுதுங்கள்

"மாடு விற்றீர்களா?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதில் வரும். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். மாடு வெளியே போக விற்பனை ஒன்றுதான் வழி என்றில்லை. மகள் வீட்டுக்குச் சீராகப் போன கறவை, வாரத்துக்கு (பங்குக்கு) வளர்க்கக் கொடுத்த கிடாரி, கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கன்று, உழவுக்கு இரவல் போன ஜோடி, சினைக்காகப் பொலிகாளையிடம் ஓட்டிப் போய்த் திரும்பிய பசு, ஜல்லிக்கட்டுக்குப் போய்வந்த காளை, இறைச்சிக்குப் போன கிழட்டு மாடு எல்லாமே போக்குவரத்துதான். சந்தைக்குக் கொண்டுபோய் விலை படியாமல் திரும்ப ஓட்டி வந்த மாட்டை யாரும் சொல்லவே மாட்டார்கள். விற்கவில்லை, ஆகவே போகவில்லை என்று அவர்கள் கணக்கு. நமக்கோ அதுதான் மிக ஆபத்தான பயணம். சந்தையில் நாள் முழுதும் நின்றிருக்கிறது, பத்துப் பேர் வாயைத் திறந்து பல் பார்த்திருக்கிறார்கள்.

ஆகவே "கொட்டகையின் வாசலைத் தாண்டி எது போனது?" என்று கேளுங்கள். போய்த் திரும்பியது, போய்த் தங்கியது என இரண்டு பத்திகளில் எழுதுங்கள்.

மாடு அல்லாதவற்றுக்கும் ஒரு பத்தி வேண்டும். பால் எந்தச் சங்கத்துக்குப் போகிறது, கேன் எடுக்கும் வண்டி அடுத்து எங்கே நிற்கிறது, கறவைக்காரர் வேறு எத்தனை வீடுகளில் கறக்கிறார், கருவூட்டல் பணியாளர் எப்போது வந்தார், எரு யார் தோட்டத்துக்குப் போனது ஆகியவற்றை எழுதுங்கள். இவற்றில் கறவைக்காரர்தான் முக்கியமானவர். ஒரே கையால் ஒரே காலையில் நான்கைந்து கொட்டகைகளில் மடியைத் தொடுகிறவர் அவர். சிகிச்சைக்கு வந்த மருத்துவரும் இந்தப் பட்டியலில் வர வேண்டும். நம் துறையைச் சேர்ந்தவர் என்று விட்டுவிட்டால் பட்டியலில் பெரிய ஓட்டை விழும்.

6. எப்படிக் கேட்பது

மாட்டுக்காரரின் பயம் மூன்று: பால் வாங்க மாட்டார்கள், பக்கத்துத் தோட்டத்தார் பழி சொல்வார்கள், விற்ற மாட்டுக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். மூன்றும் உண்மையான பயங்கள். அவற்றை இல்லை என்று சொல்லாதீர்கள். "உங்கள் மாட்டை வாங்கியவர் கொட்டகையில் இன்று போய்ப் பார்த்தால் அங்கே உள்ள மற்ற மாடுகளைக் காப்பாற்றலாம், ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் முடியாது" என்று சொல்லிப் பாருங்கள். இப்படிக் கேட்டால் மறைப்பவர்கள் குறைவு.

நோயின் பெயரை அவர் சொல்வதுபோலவே சொல்லுங்கள். சிலர் கோமாரி என்பார்கள், சிலர் காணை என்பார்கள். கால் காணை வேறு, வாய்க் காணை வேறு என்று நினைப்பவர்களும் உண்டு. ஒன்று வந்ததா என்று கேட்டுவிட்டு மற்றதைக் கேட்காமல் வந்துவிடாதீர்கள்.

இன்றிலிருந்து பின்னோக்கிக் கேட்பதே எளிது. "நேற்று யார் வந்தார்கள்? முந்தின நாள்? வெள்ளிக்கிழமை எங்கே போனீர்கள்?" என்று நாட்காட்டியில் விரலை வைத்து நாள் நாளாக நகர்த்துங்கள். நாட்கணக்கு தடுமாறும் இடத்தில் கல்யாணம், துக்கம், கோயில் விசேஷம், மழை பெய்த நாள் ஆகியவற்றைப் பிடிமானமாகக் கொள்ளுங்கள்.

விலையைக் கேட்காதீர்கள். சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விரல் தொட்டுப் பேசிய விலை அது. அதைக் கேட்ட கணத்தில் நீங்கள் கடன்காரரோ வரி அதிகாரியோ ஆகிவிடுவீர்கள். ஆனால் பணம் கைபேசி வழியாக வந்திருந்தால் அந்தச் செய்தியில் தேதியும் நேரமும் கொடுத்தவர் பெயரும் இருக்கும். தொகையை மறைத்துக்கொண்டு தேதியை மட்டும் காட்டச் சொல்லுங்கள். தரகருடன் பேசிய அழைப்புப் பட்டியலும் அப்படியே உதவும்.

வீட்டுப் பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். தீனி போடுவதும் பால் கறப்பதும் பெரும்பாலும் அவர்கள்தான். எந்த மாடு எந்த வேளையில் தீனி தின்னாமல் நின்றது என்பதை அவர்கள் நேரத்தோடு சொல்வார்கள். ஆண் ஒருவரிடம் மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்புவதுதான் புதியவர்கள் செய்யும் பிழைகளில் மிகப் பொதுவானது.

7. மாட்டை அடையாளம் காண்பது

காதுவில்லையில் உள்ள 12 இலக்க எண் இருந்தால் பாதி வேலை முடிந்தது. எண்ணைக் கேட்டு எழுதாமல் நேரில் பார்த்துப் படம் எடுங்கள். 12 இலக்கத்தில் ஒன்று மாறினாலும் அது வேறு மாடாகிவிடலாம்.

தரவுத்தளத்தில் தெரியும் உரிமையாளர் பெயரை அப்படியே நம்பாதீர்கள். வில்லை மாட்டிய அன்று யார் வைத்திருந்தாரோ அவர் பெயர்தான் பலசமயம் அங்கே இருக்கும். மாடு கைமாறும்போது பெயரை மாற்றிப் பதிவது அரிதாகவே நடக்கிறது. ஆகவே எண் சொல்வது மாடு தொடங்கிய இடத்தை. நடுவில் அது தங்கிய இடங்களை மனிதர்களிடம் கேட்டுத்தான் நிரப்ப வேண்டும். வில்லை இல்லாமல் காதில் துளை மட்டும் இருந்தால் அதையும் எழுதுங்கள். சந்தைக்கு வரும் வழியில் யாரோ கழற்றியிருக்கலாம்.

வில்லையே இல்லாத மாட்டுக்கு மாட்டுக்காரர்கள் பயன்படுத்தும் அடையாளங்கள் போதும்: மயிலை, செவலை, காரி என்ற நிறம்; கொம்பின் வளைவு; நெற்றிச் சுழி; இரண்டு பல், நான்கு பல், ஆறு பல் என்ற வயது; எத்தனையாவது ஈற்று. "சிவப்புக் கலப்பின மாடு" என்று எழுதினால் ஊர் முழுதும் அதே மாடுதான். "இடது கொம்பு நுனி முறிந்த, நாலு பல் செவலைக் கிடாரி" என்று எழுதினால் தரகர் உடனே நினைவுகூர்வார்.

8. தடம் சந்தையில் போய் முட்டும்போது

போன தடத்தில் ஏதாவது ஒன்று சந்தையில் முடியும். பொள்ளாச்சிச் சந்தை செவ்வாயும் வியாழனும் கூடுகிறது. ஈரோடு கருங்கல்பாளையம் வியாழன். அந்தியூர் சனி. பழையகோட்டை மாட்டுத்தாவணி ஞாயிறு. செவ்வாயன்று விலை படியாத மாட்டை ஒரு வியாபாரி அதே வாரத்தில் மற்றொரு சந்தைக்கு ஏற்றிச்செல்ல முடியும். பொள்ளாச்சியில் வாங்கிய மாடுகள் பெருமளவில் கேரளத்துக்குப் போகின்றன. ஒரு மாடு ஒரு வாரத்தில் இரண்டு மாநிலங்களைத் தொட்டுவிடும்.

சந்தையில் யாரைப் பார்ப்பது? முதலில் சுங்கம் வசூலிக்கும் குத்தகைதாரர். அன்று எத்தனை வண்டி நுழைந்தது, எந்த ஊர்ப் பதிவெண் என்பது அவருடைய சீட்டுக் கட்டில் இருக்கலாம். சீட்டில் மாட்டின் அடையாளம் இருக்காது. அடுத்தது தரகர்கள். அவர்கள் நினைவில் மாட்டைவிட வாங்கியவர் தெளிவாக இருப்பார். ஆகவே "அந்த மாடு எங்கே போனது?" என்பதைவிட "அந்தச் செவ்வாய்க்கிழமை உங்களிடம் வாங்கியவர்கள் எந்தெந்த ஊர்?" என்று கேளுங்கள். மூன்றாவது வண்டி ஓட்டுநர்கள். குட்டி யானை என்று எல்லோரும் சொல்லும் சிறு சரக்கு வண்டிகளை ஓட்டுபவர்கள் இறக்கிய தோட்டத்தின் வாசல் வரை சொல்வார்கள். தரகர் சொல்லத் தயங்குவதை ஓட்டுநர் சொல்லத் தயங்குவதில்லை. அவர் மாட்டை விற்கவில்லை, ஏற்றி இறக்கினார், அவ்வளவுதான். அந்த வண்டி கழுவப்பட்டதா, அதே நாளில் வேறு மாடுகளை ஏற்றியதா என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள்.

இங்கே ஒரு பெரிய தவறு நடக்கிறது. நோய்வாய்ப்பட்ட மாடு சந்தையில் நின்றது உறுதியானதும், அன்று விற்ற ஒவ்வொரு மாட்டையும் விற்றவர் பக்கமிருந்து ஒவ்வொன்றாகத் தேடத் தொடங்குவார்கள். நூற்றுக்கணக்கான மாடுகளை அப்படித் தேடி முடிக்க முடியாது. அந்த நிலையில் திசையைத் திருப்ப வேண்டும். "இந்தத் தேதியில் இந்தச் சந்தையில் மாடு வாங்கியவர்கள், வாங்காமல் மாட்டைத் திருப்பி ஓட்டி வந்தவர்கள் உடனே தெரிவியுங்கள்" என்று வாங்கும் ஊர்களில் சொல்ல வேண்டும். பால் சங்கத்துப் பலகை, வாட்ஸ்அப் குழு, ஊராட்சி ஒலிபெருக்கி என எது விரைவோ அது. தெரிவிக்க 1962 என்ற எண்ணையும் உள்ளூர் மருந்தகத்தையும் குறிப்பிடுங்கள். வாங்கியவருக்குத் தன் மற்ற மாடுகளைக் காப்பாற்றும் அக்கறை இருக்கிறது. ஆகவே விற்றவரைவிட அவர் எளிதில் முன்வருவார்.

சந்தையில் எல்லா மாடுகளுக்கும் ஒரே ஆபத்து இல்லை. ஒரே வண்டியில் வந்தவை, ஒரே வரிசையில் கட்டியவை, ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்தவை முதல் வரிசை. மற்றவை அடுத்து.

கேரளத்துக்குப் போன மாடு என்றால் வாளையார், ஆரியங்காவு, குமுளி போன்ற எல்லைச் சாவடிகளின் பதிவுகளைக் கேட்கலாம். ஆனால் அங்குள்ள மாவட்ட அலுவலரை அன்றே தொலைபேசியில் அழைத்துச் சொல்வதுதான் முதல் வேலை. கடிதம் பின்னால் போகட்டும்.

9. ஆடுகளை மறக்காதீர்கள்

மாட்டுக் கொட்டகையின் ஓரத்தில் நாலு ஆடு கட்டியிருக்கும். யாரும் அவற்றின் வாயைத் திறக்க மாட்டார்கள். செம்மறியிலும் வெள்ளாட்டிலும் கோமாரி மிக மெலிதாக வந்து போகும். சிறிது நொண்டும், பிறகு சரியாகிவிடும். ஆனால் கிருமி பரவும். 2001இல் பிரிட்டனில் இந்த நோய் நாடெங்கும் பரவியது இப்படித்தான். நோய் கண்டறியப்பட்டு விலங்குப் போக்குவரத்து நிறுத்தப்படும் முன்பே, நோய் தெரியாத செம்மறிகள் ஹெக்ஸம், லாங்டவுன் சந்தைகள் வழியாகப் பல மாவட்டங்களுக்குப் போய்விட்டிருந்தன. இறுதியில் 2,026 இடங்களில் நோய் உறுதியானது.

நம் ஊரில் இதற்கு இணையான சிக்கல் கிடை ஆடுகள். அறுவடை முடிந்த வயல்களில் எருவுக்காக ஆடுகளை இரவில் அடைத்து, அதாவது கிடை போட்டுக்கொண்டு, கீதாரிகள் எனும் மந்தைக்காரர்கள் மாவட்டம் விட்டு மாவட்டம் நடக்கிறார்கள். அவர்கள் போன வழி எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஆனால் கிடை போட்ட வயலின் சொந்தக்காரர்களுக்கு எந்த இரவு, எத்தனை நாள் என்பது தெரியும், ஏனென்றால் அதற்குக் கூலியோ நெல்லோ கொடுத்திருக்கிறார்கள். ஒரு வயல்காரர் அடுத்த வயல்காரரைச் சொல்வார். அந்தச் சங்கிலியைப் பிடித்துப் போனால் கீதாரி இன்று நிற்கும் இடத்தை அடைந்துவிடலாம். கீதாரியிடம் கைபேசி எண் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காது வெட்டுக் குறியையும் எழுதுங்கள். எந்த மந்தையின் ஆடு என்பதை அதுதான் சொல்லும்.

10. பிறகு வந்த தடம்

போன தடத்தின் முதல் வரிசைக்கு ஆள் அனுப்பிய பிறகு, அதே நாட்காட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தவற்றைக் கேளுங்கள். முறை ஒன்றுதான். ஒரு வேறுபாடு மட்டும் கவனிக்க வேண்டும்: புதிதாக வந்த மாடுதான் நோயைக் கொண்டுவந்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வந்த மாட்டின் புண் மற்ற மாடுகளின் புண்ணைவிடப் புதியதாக இருந்தால் அது இங்கே வந்துதான் நோயை வாங்கியிருக்கக்கூடும்.

ஆய்வக மாதிரியை இந்த இடத்தில் விட்டுவிடாதீர்கள். புதிய கொப்புளத்தின் தோலைக் கிளிசரின் கலந்த தாங்கல் (பஃபர்) கரைசலில் இட்டுக் குளிரில் அனுப்புங்கள். இந்தியாவில் கோமாரிக் கிருமியின் ஓ, ஏ, ஏசியா 1 ஆகிய வகைகள் சுற்றுகின்றன. இரண்டு கொட்டகைகளில் வகை வேறுபட்டால் அவற்றுக்கிடையே தொடர்பு இல்லை என்று சொல்லலாம். வகை ஒன்றாக இருப்பது மட்டும் தொடர்பை நிறுவாது.

11. இன்று யார் எங்கே போவது

பட்டியல் நீண்டுவிடும். எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் பார்க்க முடியாது. சட்டத்தின் முதல் வரிசை நாட்களில் உயிரோடு போய், இன்னும் மற்ற மாடுகளோடு நிற்கும் விலங்கு எதுவோ அங்கே இன்றே. இறைச்சிக்குப் போய் அன்றே வெட்டப்பட்டது பின்னால். ஆனால் அதை ஏற்றிய வண்டி முன்னால். கறவைக்காரரின் மற்ற வீடுகள் இன்றே. எரு போன தோட்டத்தில் மாடு இருந்தால் நாளை.

நோயுள்ள கொட்டகையில் வாய் திறந்து பார்த்தவர் அன்று வேறெந்தக் கொட்டகைக்குள்ளும் நுழையக் கூடாது. தொடர்பு வீடுகளை வேறு குழு பார்க்கட்டும். அவர் தொலைபேசியில் பேசலாம், பட்டியலை ஒழுங்குபடுத்தலாம். ஆள் இல்லை என்ற காரணத்தால் இந்த விதியைத் தளர்த்துவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். தடம் பிடிக்கப் போனவரே தடமாகிவிடுவார்.

நோய் கண்ட ஊரைச் சுற்றிப் போடும் வளையத் தடுப்பூசியும் வெளியிலிருந்து உள்நோக்கி வர வேண்டும். நோயில்லாத வெளி ஊர்களில் தொடங்கி நோய் கண்ட ஊரின் எல்லையில் முடிக்க வேண்டும், கொட்டகைக்குக் கொட்டகை ஊசி மாற்ற வேண்டும்.

12. தொடர்பு வீடுகளைக் கவனிப்பதும் பட்டியலை மூடுவதும்

ஒவ்வொரு தொடர்பு வீட்டுக்கும் நோட்டில் ஒரு வரி: எந்த விலங்கு, எந்த நாள் வந்தது, இப்போது எங்கே நிற்கிறது, கடைசியாகப் பார்த்த தேதி, வெப்பம், வாய், கால், பால் அளவு. வந்த விலங்கைத் தனியாகக் கட்டச் சொல்லி, கடைசியாகத் தொடர்பு ஏற்பட்ட நாளிலிருந்து 14 நாள் பின்தொடருங்கள். புண் வரும் முன்பே காய்ச்சல் வரும். ஆகவே வாயை மட்டும் பார்ப்பதைவிட வெப்பமானி முன்னதாகச் சொல்லும். உள்ளூர்ப் பால் சங்கத்தில் அந்த வீட்டின் பால் அளவை நாள்தோறும் கேட்டு வாங்குங்கள்.

தொடர்பு வீட்டில் நோய் தெரிந்தால் அந்த வீட்டுக்கு 2ஆம் படியிலிருந்து எல்லாம் புதிதாகத் தொடங்க வேண்டும். பழைய பட்டியலோடு ஒட்டுப் போடக் கூடாது. அதற்குத் தனி நாள், தனிச் சட்டம், தனிப் பக்கம்.

வேறு நோய்களுக்கும் இதே வரிசை பொருந்தும், நாட்கள் மட்டும் மாறும். ஆட்டுக்கொல்லி நோய்க்கு 21 நாள் பின்னோக்கிப் பாருங்கள். தோல் கழலை நோய்க்கு 28 நாள். தோல் கழலையைக் கொசுவும் ஈயும் உண்ணியும் கடத்துவதால், மாடு எதுவும் வராத கொட்டகையிலும் அது தோன்றும். அங்கே சந்தைத் தடத்தோடு சுற்றுவட்டார வீடுகளையும் பார்த்தாக வேண்டும். அடைப்பானில் (ஆந்த்ராக்ஸ்) தேட வேண்டியது இறந்த மாட்டின் உடலும் தோலும் இறைச்சியும் போன இடம். அங்கே மனித உயிருக்கும் ஆபத்து இருப்பதால் பொதுச் சுகாதாரத் துறைக்கு அன்றே சொல்லிவிட வேண்டும்.

ஒரு வரியை மூட மூன்றில் ஒன்று எழுதப்பட்டிருக்க வேண்டும்: விலங்கு நேரில் காணப்பட்டு 14 நாள் நோயின்றி நின்றது, வெட்டப்பட்டு, ஏற்றிய வண்டியும் கழுவப்பட்டது, வேறு மாவட்ட அலுவலர் பெயரும் தேதியும் குறித்து ஒப்படைக்கப்பட்டது. "கண்டுபிடிக்க முடியவில்லை" என்ற வரியை மூடாதீர்கள். அதைச் சிவப்பு மையில் எழுதி, அந்த மாட்டின் அடையாளத்தோடு அடுத்த சந்தை நாளில் சந்தைக்குப் போகும் கால்நடை ஆய்வாளர் கையில் கொடுங்கள்.